எண் சொல்லாத பதில்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். நீ அதை அப்போதே மறந்திருப்பாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்கால நேரத்தில் உங்கள் வானத்தில் விமானங்கள் நெரிசலாகிவிடுகின்றன என்றாய். நீ சொன்ன உயரத்தை ஒவ்வொரு பைலட்டும் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தால் அடுத்தவரிடம் பேச நேரமே கிடைப்பதில்லை என்றாய். "கேட்டுச்சுன்னா ரோஜர்னு சொல்லுவாங்கம்மா, கேக்கலைன்னா அவங்களே திரும்பக் கேப்பாங்க, விடு" என்று உன் சீனியர் சொல்லிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாய். அப்புறம் மெஸ் சாப்பாட்டைப் பற்றியும், துவைத்த சட்டை இரண்டு நாளாகக் காயவில்லை என்பதைப் பற்றியும் பேசினாய். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையும் தலையில் ஏறவில்லை. உங்கப்பா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிப் பேசியதுகூட எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது.

அப்போதே உன்னைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும், நீயும் "ஆரம்பிச்சுட்டியாம்மா" என்பாய், அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். விமானங்களை வழிநடத்துகிற நாற்காலியில் நீ உட்கார்ந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. அம்மா பயமுறுத்துகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள். பயமுறுத்தத்தான் எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் இதைக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, காட்டினால் நல்லதுதான். அவர்களுக்கும் என்னைப் போல ஒருத்தி எங்காவது ஒரு வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லச் சொல்கிற பைத்தியம் ஒன்று உன் அம்மாவுக்கு உண்டு என்பது நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நீ கிளம்பிய அன்று சேலம் ஜங்ஷனில், உன் நண்பர்கள் நாலு பேர் சுற்றி நிற்கும்போது, எந்தப் பெட்டி, எங்கே இறங்க வேண்டும், யார் வந்து அழைத்துக்கொண்டு போவார் என்று எல்லாவற்றையும் உன் வாயால் சொல்ல வைத்தேன். உனக்கு மானமே போய்விட்டது. நீ சின்னப் பையனாக இருந்தபோது கடைக்கு அனுப்பினாலும் இதே கதைதான். "காப்பிக்கொட்டைக்காரன் ஊட்டுக்குள்ள ரேடியோ ஸ்டேஷனா நடத்தற?" என்று உங்கப்பா கேட்பார். எஸ்டேட்டில் ஆள் கணக்கெழுதும் ரைட்டர் வேலை பார்த்த மனிதர் அவர். ஆட்களுக்கு வேலையைச் சொல்லிவிட்டால், தலையை ஆட்டினார்களா என்று பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். தலையாட்டியவன் என்ன புரிந்துகொண்டான் என்பது மறுநாள் செடியைப் பார்த்தால்தான் தெரியும்.

மாரமங்கலத்தில் உன் பெரியப்பா வீட்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஏதோ எடுத்துவரச் சொன்னார், உனக்குப் பாதி காதில் விழவில்லை, "என்னங்க பெரியப்பா சொன்னீங்க?" என்று கேட்டாய். அவர் முதுகில் ஒன்று வைத்தார். "பெரியவங்க ஒருக்காச் சொன்னா கேட்டுக்கோணும். திருப்பிக் கேக்கறது என்ன மருவாதி?" என்றார். நம் பக்கத்தில் அப்படித்தான் வளர்க்கிறார்கள். பெரியவர் சொன்னால் "ஆகட்டுங்க" என்றுவிட வேண்டும், புரியாததை அப்புறம் யாரிடமாவது கேட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வழக்கமாக என்ன சொல்வார் என்று நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நான் எல்லோர் எதிரிலும் உன் பெரியப்பாவோடு சண்டை போட்டேன். அவர் ஒரு வருஷம் நம் வீட்டுப் படி ஏறவில்லை. பிள்ளையை அடித்ததற்காகத்தான் அத்தனை ஆட்டம் ஆடினேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடித்ததற்காக இல்லை. நீ கேட்டது சரி, கேட்டதற்கு அடி விழுந்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

நீ இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த சமயம். நான் ஏற்காட்டில் மேட்டின் மேல் இருந்த ரேடியோ நிலையத்தில் ஆபரேட்டர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலமும் உரத்த தொண்டையும் எனக்கு வாங்கிக் கொடுத்த வேலை அது. விமானத்தோடு பேசும் ரேடியோ அலை நேர்கோட்டில் போகிறது, மலை குறுக்கே வந்தால் நின்றுவிடுகிறது. நகரத்தில் உட்கார்ந்திருக்கிற கண்ட்ரோலருக்கு நம் மலைகளுக்கு மேல் பறக்கிற விமானத்தின் குரல் எட்டாது. ஆகவே அவர் டெலிபோனில் எங்களிடம் சொல்வார், நாங்கள் ரேடியோவில் விமானத்திடம் சொல்வோம், விமானம் சொல்வதை மறுபடி டெலிபோனில் அவரிடம் சொல்வோம். நாங்கள் வெறும் வாயும் காதும். எந்த விமானம் எந்த உயரத்தில் பறக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. அந்த வழியில் அப்போது ரேடாரும் கிடையாது. யார் எங்கே இருக்கிறார் என்பது அவரவர் வாயால் சொன்னால்தான் தெரியும்.

அந்தக் கண்ட்ரோலர் வேலையில் கெட்டிக்காரர், வாயில் மகா முரடர். லைன் எப்போதும் கொரகொரவென்று இருக்கும். "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றால் "உன் காது எங்க போச்சு?" என்று கத்துவார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அதற்குப் பயந்து பாதி கேட்டதை மீதி ஊகித்துச் சமாளித்திருக்கிறார்கள். நானும் பயந்தவள்தான். ஆனால் ஊகிக்க அதைவிடப் பயம், அதனால் வசவு வாங்கிக்கொண்டு கேட்பேன். நிலையத்தில் என்னோடு இருந்தவர் செம்மநத்தத்துக்காரரான மாணிக்கண்ணன். ஜெனரேட்டர், டிரான்ஸ்மிட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. தினம் எங்கள் தலைக்கு மேல் போகிற இரண்டு விமானங்களுக்கு அவர்தான் பேர் வைத்தார். தெற்கேயிருந்து பெங்களூர்ப் பக்கம் போகிற சின்ன விசிறி விமானம் பால்வண்டி. வடக்கேயிருந்து தெற்கே இறங்க வருகிற பெரிய ஜெட் விமானம் பெரியவர். டெலிபோனில் கண்ட்ரோலரும் நாளடைவில் அந்தப் பேர்களிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். உனக்கும் தெரியும், நீ முற்றத்தில் நின்று "பால்வண்டி போவுது, பால்வண்டி போவுது" என்று கையாட்டுவாய்.

ஒரே பாதையில் எதிரெதிரே வருகிற இரண்டு விமானங்களுக்கு நடுவில் உயரத்தில் ஆயிரம் அடியாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றையொன்று தாண்டியாகிவிட்டது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். உனக்கு இது அரிச்சுவடி. உங்கப்பாவும் இதைப் படிப்பார் என்பதால் எழுதுகிறேன். வழக்கமான நாளில் பால்வண்டி மத்தியானத்துக்கு முன்பே எங்களைத் தாண்டிப் போய்விடும். பெரியவர் வரும்போது பாதை காலியாக இருக்கும். எட்டாயிரம் அடிக்கு இறங்கலாம் என்று தினமும் அதே வாக்கியத்தை அவருக்குச் சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்கும் கேட்டுக் கேட்டு அவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

அன்றைக்கு மழை. காப்பிப் பழம் பறிக்கிற காலம். தெற்கே மழை பிடித்துக்கொண்டதால் பால்வண்டி தாமதமாகக் கிளம்பி, பதின்மூன்றாயிரம் அடியில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெரியவர் எதிரே வந்துகொண்டிருந்தார். கண்ட்ரோலர் டெலிபோனில் தெளிவாகத்தான் சொன்னார். பெரியவர் பதினைந்தாயிரத்துக்கு இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், பால்வண்டி தாண்டும்வரை அதற்குக் கீழே வரக் கூடாது. நான் திருப்பிச் சொன்னேன், அவர் "ஆமாம்" என்றார். மைக்கை அழுத்தி அதையே பெரியவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். நான் பேசும்போது என் காதில் வேறு எதுவும் விழாது, அந்தக் கருவியின் குணம் அது. பொத்தானை விட்டதும் பால்வண்டி பைலட்டின் குரல் ஏதோ ஒரு வாக்கியத்தின் கடைசியில் இருந்தது. நான் பேசிய அதே நேரத்தில் அவரும் பேசியிருக்கிறார். இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் சேர்ந்து பேசினால் கேட்கிறவனுக்குக் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். அடுத்த நொடி பெரியவர் பதில் சொன்னார். "ரோஜர், இறங்குகிறோம்."

எந்த உயரத்துக்கு என்று சொல்லவில்லை. பதினைந்தாயிரம் என்ற எண் அந்தப் பதிலில் இல்லை.

"அதான் ரோஜர்னு சொல்லிப்போட்டாருங்களே அம்மணி" என்றார் மாணிக்கண்ணன், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

"எண் வரலைங்கண்ணா" என்றேன். உடனே மைக்கை அழுத்தி, எந்த உயரத்துக்கு இறங்குகிறீர்கள், எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பொத்தானை விட்டேன். பதிலுக்குப் பதிலாக ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் வந்தது. விசிறி விமானத்தின் எஞ்சின் சத்தம். அதற்குள் இரண்டு ஆண் குரல்கள், சாவகாசமாக. பால்வண்டியின் மைக் பொத்தான் அழுத்தியபடியே சிக்கிக்கொண்டுவிட்டது. அவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் மைக் திறந்திருக்கும்வரை நாங்கள் பேசுவது எதுவும் அவர்கள் காதில் விழாது. மற்ற யாரும் யாரோடும் பேச முடியாதபடி அந்த அலைவரிசை முழுவதையும் அவர்களுடைய அரட்டை அடைத்துக்கொண்டது.

டெலிபோனில் கண்ட்ரோலர் கேட்டார். "பெரியவர் ஒத்துக்கிட்டாரா?"

"ரோஜர்னு மட்டும் வந்துச்சு சார். எண் வரலை. இப்ப பால்வண்டி மைக் மாட்டிக்கிச்சு. யாருக்கும் ஒண்ணும் சொல்ல முடியல."

அவர் கத்துவார் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. அவர் மூச்சு விடுவது லைனில் கேட்டது. என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், தினமும் அந்த இடத்தில் பெரியவருக்குக் கிடைக்கிற எண் எட்டாயிரம் என்று. பதினைந்து காதில் விழாதவர் எட்டை நினைத்துக்கொண்டுதான் இறங்குவார். எட்டுக்குப் போகிற வழியில் பதின்மூன்று இருக்கிறது. அங்கே பால்வண்டி வருகிறது.

"அவசர அலைவரிசையில கூப்பிட்டுப் பாரு" என்றார். கூப்பிட்டேன். ஒருவரும் அந்த அலைவரிசைக்கு வரவில்லை. "சரி, பழைய அலைவரிசைக்கே வா. பதில எதிர்பார்க்காத. பதினைஞ்சுல நில்லுங்கன்னு சொல்லிக்கிட்டே இரு. நான் தெக்க ஏர்போர்ட்ல இருக்கறவங்களப் பிடிக்கப் பாக்கறேன்." பிறகு, என்னை எப்போதும் 'ஆபரேட்டர்' என்றே கூப்பிடுகிற அந்த மனிதர், "அம்மா, நிறுத்திடாதம்மா" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு நிஜமான பயம் பிடித்தது. அதிகாரி கத்துகிறவரைக்கும் உலகம் பத்திரமாக இருக்கிறது என்று நமக்கு ஒரு நினைப்பு. அவரே கெஞ்ச ஆரம்பித்துவிட்டால் போக்கிடம் இல்லை.

நான் பேச ஆரம்பித்தேன். பதினைந்தாயிரத்தில் நில்லுங்கள், எதிரே பதின்மூன்றாயிரத்தில் விமானம். பதினைந்தாயிரத்தில் நில்லுங்கள், எதிரே பதின்மூன்றாயிரத்தில் விமானம். ஒவ்வொரு தடவையும் பொத்தானை விட்டுக் கேட்பேன். ரீங்காரம், அரட்டை. ஒருவர் தன் மகள் இட்லியே தொடுவதில்லை என்று இன்னொருவரிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். "கீழ ஏற்காடு இருக்கும், ஒரே மேகம், ஒண்ணும் தெரியல" என்றார் மற்றவர். அவர்கள் பேசுவது பக்கத்து வீட்டில் பேசுவதுபோல எனக்குக் கேட்கிறது, நான் தொண்டை கிழியக் கத்துவது அவர்களுக்குக் கேட்கவில்லை. ஜெபம் பண்ணலாம் என்றால் வாய் சும்மா இல்லை. கர்த்தரே என்று சொல்லவேண்டிய நேரமெல்லாம் பதினைந்தாயிரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாணிக்கண்ணன் வெளியே ஓடினார். மழை விட்டிருந்தது, ஆனால் மேகம் இறங்கி நிலையத்தின் வேலியே தெரியவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுப் போனதால் எனக்கும் வானத்தின் சத்தம் கேட்டது. தெற்கேயிருந்து ரீங்காரம். ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்த அதே ரீங்காரம், இப்போது கூரைக்கு மேலேயும். அறைக்குள் ஒன்று, வானத்தில் ஒன்று. அவர் வாசலுக்கு வந்து, "அம்மணி, வடக்கால இருந்து பெரியவரு சத்தமும் கேக்குதுங்க" என்றார். "கீழ வந்துட்ட மாதிரி நொம்ப கிட்டத்துல கேக்குதுங்க."

வேலிக்குக் கீழே எஸ்டேட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள், மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டபடி, வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து நின்றார்களாம். அவர்களுக்கு எதுவும் தெரியாது. இரண்டு சத்தமும் ஒரே இடத்துக்கு வருவது மட்டும் கேட்டிருக்கிறது. நான் எதையும் பார்க்கவில்லை. என் முன்னால் இருந்தது சுவரும் அந்த ஸ்பீக்கரும்தான். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த நிலையிலும் குரல் நிதானமாக இருக்க வேண்டும் என்றுதான். நிதானம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அழுதுகொண்டே அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை பொத்தானை விட்டபோது ஸ்பீக்கரில் ஒரு அலறல். "ஐயோ, மேல பாரு!" அதோடு ரீங்காரம் அறுந்துபோனது. எஞ்சின் சத்தம் இல்லை, பேச்சு இல்லை, கீச்சு இல்லை. ஒன்றும் இல்லை. வானத்தில் கேட்டது இடியா, எஞ்சினா, என் காதுக்குள் ரத்தம் ஓடும் சத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. மாணிக்கண்ணன் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டெலிபோனில் அந்தப் பக்கம், "என்ன ஆச்சு? என்ன ஆச்சும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணு, நான் இந்தக் கடிதம் எழுதுவதே அந்த நேரத்துக்காகத்தான். அது எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாலு மூச்சு இருக்கலாம். இரண்டு விமானம் நிறைய மனிதர்கள் இருக்கிறார்களா இல்லையா என்பது தெரியாமல், பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பெரியவரின் குரல் வந்தது. "மலையில் பேசுவது யார்? இப்போது சொல்லுங்கள். எனக்கு எந்த உயரம்?"

அவர் பதின்மூன்றாயிரத்து முந்நூறு அடியில் நின்றிருந்தார். பால்வண்டி அவருக்கு முந்நூறு அடி கீழே, அவர் வயிற்றுக்கு அடியிலேயே போயிருக்கிறது. மேகம் கொஞ்சம் விலகிய இடத்தில் பால்வண்டியின் துணைப் பைலட் தலைக்கு மேல் அந்தப் பெரிய வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் அலறியிருக்கிறார். பதறி அசைந்ததில் பொத்தான் விடுபட்டிருக்கிறது. நான் இரண்டு பேருக்கும் உயரங்களைச் சொன்னேன், அவர்கள் எண்ணோடு திருப்பிச் சொன்னார்கள், கண்ட்ரோலருக்குச் சொன்னேன். எல்லாம் முறைப்படி செய்தேன். முடித்த பிறகு பொத்தானிலிருந்து விரலை எடுக்க வரவில்லை. மாணிக்கண்ணன்தான் பிரித்து விட்டார். வீட்டுக்கு வந்தபோது நீ தரையில் உட்கார்ந்து பொரியைத் தின்றுகொண்டிருந்தாய். உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இறக்கிவிடவில்லை. "உடும்மா, மூச்சு முட்டுது" என்று திமிறினாய்.

விசாரணை நடந்தது. யார் மேலும் பெரிய குற்றம் இல்லை என்று முடிந்தது. கண்ட்ரோலர் சொன்னது சரி, நான் சொன்னது சரி, பால்வண்டி தன் இடத்தைச் சொல்ல வாயெடுத்தது சரி, பொத்தான் சிக்கியது யாருடைய தப்பும் இல்லை. பெரியவர் ஒரே ஒரு எண்ணைச் சொல்லாமல் விட்டார், அதுவும் அந்தக் காலத்தில் எல்லோரும் விடுவதுதான். எனக்கு அதைக் கேட்டதும் தெம்பு வரவில்லை, பயம் இன்னும் கூடியது. யாராவது குடித்துவிட்டு வந்திருந்தால், தூங்கியிருந்தால், பொய் சொல்லியிருந்தால், அப்படிப்பட்டவர்களை விலக்கிவிடலாம் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவர்கள் எல்லோரும் தினசரி செய்வதைச் செய்தார்கள், அத்தனை பேரும் சாக இருந்தார்கள்.

அடுத்த கோடையில் அந்த ஜெட்டின் கேப்டன் குடும்பத்தோடு ஏற்காட்டுக்கு வந்தார். விசாரித்துக்கொண்டு நிலையத்துக்கே வந்துவிட்டார். அவர் மனைவியும் சின்னப் பெண்ணும் வெளியே காரில் இருந்தார்கள், அவர்களுக்கு அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. காப்பி கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பேசினார். "நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியலம்மா. தட்டைக் கத்தியால கீறுற மாதிரி சத்தம். ஆனா அதுக்குள்ள ஒரு பொம்பளக் குரல் விடாம எதையோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அழுத மாதிரி இருந்துச்சு. ஒண்ணுமில்லாததுக்கு யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்களேன்னு தோணிச்சு. இறங்கறத நிறுத்தினேன்." அவர் கும்பிட்டார். வந்தவருக்கு நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும், தெரியும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஏனுங்க, ஒரு எண்ணைச் சொல்றதுக்கு வாய் வலிச்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். மாணிக்கண்ணன் பதறிப்போய் என் சேலையைப் பிடித்து இழுக்காத குறை. அந்த மனிதர் கோபப்படவில்லை. "தினமும் அதே எண்தானேன்னு இருந்துட்டேன்" என்றார். காருக்குப் போய்ப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது நீ சொல்வாய், "அது அந்தக் காலம்மா, எங்ககிட்ட ரேடார் இருக்கு." இருக்கட்டும். விமானம் எங்கே இருக்கிறது என்று உன் ரேடார் காட்டும். நீ சொன்னதை அந்த மனிதன் என்னவென்று புரிந்துகொண்டிருக்கிறான் என்று அது காட்டாது. அவன் வாயால் எண் வந்தால்தான் அது தெரியும். கேட்காதவன் திரும்பக் கேட்பான் என்று உன் சீனியர் சொல்கிறார். கேட்காதவன் கேட்பான், சரி. கேட்டுவிட்டதாக நினைக்கிறவன் எப்படிக் கேட்பான்? நெரிசலான நேரத்தில் அவசரப்படாதே என்றால் உனக்குக் கோபம் வரும். நான் சொல்வது, நெரிசலில்தான் இரண்டு குரல் ஒன்றன் மேல் ஒன்று விழும், அப்போதுதான் எண் தொலையும். வரிசையில் காத்திருப்பவன் முணுமுணுக்கட்டும், உயிரோடு இருந்து முணுமுணுக்கட்டும். உனக்குக் கீழே ஒரு பையனோ பெண்ணோ வேலைக்கு வந்து, நீ சொன்னதைத் திருப்பிக் கேட்டால் எரிந்து விழாதே. உன் சீனியர் உன் மேல் எரிந்து விழுந்தால் வாங்கிக்கொள். நான் வாங்கியிருக்கிறேன், உடம்பில் ஒட்டவில்லை.

என் பயம் என்னவென்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உனக்கு வேலை போய்விடுமோ, கெட்ட பேர் வந்துவிடுமோ என்று நான் பயப்படவில்லை. அந்த நாலு மூச்சு நேரம் உனக்கு வந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறேன். எனக்கு அதன் முடிவில் ஒரு குரல் வந்தது. உனக்கு வராமல் போனால்? கூப்பிட்டுக்கொண்டே இருப்பாய், ஸ்பீக்கர் சும்மா இருக்கும். அதற்குப் பிறகு நீ எத்தனை வருஷம் உயிரோடு இருந்தாலும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாய். நான் வந்து உன்னை மடியில் வைத்துக்கொள்ள முடியாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது உங்கப்பாவிடம் கொடுக்க மாட்டேன், நானே எடுப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். "லெட்டர் வந்துச்சும்மா, படிச்சேன், சரிம்மா" என்று சொல்லி நழுவலாம் என்று பார்க்காதே. இதில் நான் உன்னிடம் என்ன கேட்டிருக்கிறேன் என்பதை நீ உன் வாயால் சொல்ல வேண்டும். நீ சொல்லும்வரை நான் பேச மாட்டேன், போனையும் வைக்க மாட்டேன்.

உன் அம்மா